குட்டி விற்பவரைக் கட்டுப்படுத்துவதா, நாய் வளர்ப்பவரைக் கட்டுப்படுத்துவதா?

கொக்குவிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். முகநூலில் விளம்பரம் பார்த்து, கொழும்புப் பக்கத்திலிருந்து இரவுப் பஸ்ஸில் ஒரு லாப்ரடோர் குட்டியை வரவழைத்தாராம். ஐந்தாம் நாள் இரத்தக் கழிச்சலில் குட்டி செத்துவிட்டது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. "வெளிநாடுகளில் இருப்பதுபோல இங்கும் செல்லப்பிராணிகளை விற்கவும் வளர்க்கவும் கடுமையான சட்டம் வேண்டாமா?" என்று முடித்திருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விற்பவரைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பது ஒன்று, வளர்ப்பவரைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பது மற்றது. இரண்டுக்கும் என் பதில் ஒன்றல்ல. குட்டி ஈனவைத்து விற்பவரை இன்றைக்கு இருப்பதைவிடப் பலமடங்கு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வளர்ப்பவருக்குப் பதிவும் தடுப்பூசியும் கட்டாயமாக இருக்க வேண்டும், ஆனால் அது இலகுவாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாகக் கால்நடை வைத்தியம் பார்ப்பவன், சட்டத்தரணி அல்ல. அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் ஏதாவது செய்திருந்தால் குட்டி பிழைத்திருக்குமா? குட்டியை நான் பார்க்கவில்லை, பரிசோதனையும் செய்யப்படவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை, அதாவது சாப்பாட்டை மறுத்தது, வாந்தி, பிறகு நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சல், எல்லாம் பார்வோ வைரஸ் நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிவதற்குப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். ஆகவே குட்டி உங்கள் படலைக்குள் வரும்போதே கிருமியோடு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து என்று ஒன்று நம் கையில் இல்லை. சேலைன் ஏற்றி, வாந்தியை அடக்கி, வேறு கிருமிகள் தொற்றாமல் பார்த்து, உடம்பு தானாக மீளும்வரை தாங்கிக்கொடுப்பதுதான் வைத்தியம். முதல் நாளே தொடங்கினால் பல குட்டிகள் தப்புகின்றன. ஆனால் மிகச் சின்ன வயதில், பயணக் களைப்போடு வந்த குட்டிக்கு அந்த வைத்தியமும் பல தடவை போதாமல் போகிறது. உங்களையே நீங்கள் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்படி வரும் குட்டிகளில் பெரும்பாலானவை என் மேசைக்கு வருவது ஒரு பிஸ்கட் பெட்டியில்தான். பக்கத்தில் கத்தியால் குத்திய நாலு ஓட்டை, உள்ளே நனைந்த பத்திரிகைத்தாள், சில நேரம் ஒரு பால்மா மூடியில் தண்ணீர். "எட்டு வாரம் டொக்டர்" என்று கொண்டுவந்தவர் சொல்வார், ஏனென்றால் விற்றவர் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். வாயைத் திறந்து பார்த்தால் வயது தெரிந்துவிடும். கோரைப்பற்கள் மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கும், முன்பற்கள் அதை ஒட்டி வரும். பின்னால் உள்ள பால் கடைவாய்ப் பற்கள் எட்டு வாரத்தில் முழுதாக இருக்க வேண்டும். எட்டு வாரம் என்று சொல்லப்பட்ட குட்டியின் முரசில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் அதற்கு ஐந்து, ஆறு வாரம்தான். பிறகு தடுப்பூசி அட்டையைக் கேட்பேன். ஒழுங்கான அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து கழற்றி ஒட்டிய சிட்டை இருக்கும், அதில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்கும், பக்கத்தில் வைத்தியரின் கையொப்பமும் பதிவிலக்கமும் இருக்கும். எனக்கு வரும் அட்டைகள் பலவற்றில் பேனையால் எழுதிய ஒரு திகதியைத் தவிர வேறொன்றும் இல்லை.

எட்டு வாரம் என்பது யாரோ ஆசைக்குச் சொன்ன கணக்கல்ல. பிறந்த முதல் நாட்களில் தாயின் சீம்பால் வழியாகக் குட்டிக்கு நோய் எதிர்ப்பு கிடைக்கிறது. அது வாரக்கணக்கில் மெல்லமெல்லக் குறையும். அது கூடுதலாக இருக்கும்வரை நாம் போடும் தடுப்பூசியை அதுவே தடுத்துவிடும். குறைந்த பிறகோ குட்டிக்குப் பாதுகாப்பே இருக்காது. எந்தக் குட்டிக்கு எந்த நாளில் அது குறையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டு "ஊசி போட்ட குட்டி" என்று விற்பது, அந்த ஊசி உண்மையிலேயே போடப்பட்டிருந்தாலும், முழு உண்மையல்ல. ஐந்தாம் வாரத்தில் விற்பதில் விற்பவருக்கு இலாபம் இருக்கிறது. தீனிச் செலவு தொடங்குமுன் காசு கைக்கு வந்துவிடுகிறது, நோய் வந்தால் அது வாங்கியவர் வீட்டில்தான் வரும். இந்த இலாபக் கணக்கை மாற்றாமல், வாங்குபவர்கள் கவனமாக இருங்கள் என்று நாம் எவ்வளவு சொன்னாலும் போதாது.

குட்டியைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறோம், தாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டை நாய்க்கு ஏறக்குறைய ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு தடவை பருவம் வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். பருவத்துக்குப் பருவம் விடாமல் சேர்த்தால் அந்த உடம்பு தேறுவதற்கு இடைவெளியே இல்லை. அப்படி ஈன்று எலும்பும் தோலுமாகப் போன பெட்டைகளை, இனி ஈனாது என்றானதும், எங்காவது சந்தைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். நல்ல வம்சத்து நாய் ஒன்று சொறி பிடித்து, முலைகள் தொங்கிப்போய்த் தெருவில் நிற்பதைக் கண்டால், அது வழிதவறி வந்தது என்று நான் நினைப்பதில்லை. இதோடு இன்னொன்றும் இருக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்தில் மனிதருக்கே மூச்சு முட்டுகிறது. இங்கே மூக்கு சப்பையான பக் வகையையும், பனிநாட்டு உரோமம் போர்த்திய ஹஸ்கியையும் கொண்டுவந்து விற்பது என்னைப் பொறுத்தவரை விலங்குக்குச் செய்யும் கொடுமைதான். வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், விற்பவருக்குத் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் சட்டமே இல்லை என்பது சரியல்ல. இருப்பது பழையது, பாதி உறங்குகிறது. விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி நாய் வைத்திருப்பவர் உள்ளூராட்சி சபையில் வருடாவருடம் பதிய வேண்டும். நடைமுறையில் என்னிடம் வரும் நாய்களின் கழுத்தில் பதிவுத் தகட்டைக் காண்பது மிக அரிது. விலங்குக் கொடுமைத் தடைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் விதிக்கப்பட்ட தண்டம் 100 ரூபாய். அன்றைக்கு அது பெருந்தொகை, இன்றைக்கு ஒரு பிளேன்டீக்கும் வடைக்கும் கிட்ட வரும். புதிய விலங்கு நலச் சட்டத்துக்கான வரைவு பற்றி 2006இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். மேலே சொன்ன மூன்றும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. வீட்டின் பின்வளவில் ஆறு பெட்டைகளைக் கட்டிவைத்து வாட்ஸ்அப்பில் குட்டி விற்பவரை மனதில் வைத்து அவை எழுதப்படவில்லை.

வெளிநாடுகளைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 2018 முதல் உரிமம் பெற்று நாய் வளர்த்து விற்பவர் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கக்கூடாது, ஒரு பெட்டையிடம் பன்னிரண்டு மாதத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் எடுக்கக்கூடாது. 2020 ஏப்ரலில் இன்னொரு படி போனார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகரோ கடைக்காரரோ வியாபாரமாக விற்க முடியாது. வளர்த்தவரிடம் நேரே போய், தாயோடு குட்டியைப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும். பிரான்சில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பதே தடை. முதன்முதலாக வாங்குபவர், இந்த விலங்குக்கு என்னென்ன தேவை என்று எனக்குத் தெரியும் என்று ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டு, ஏழு நாள் பொறுத்துத்தான் எடுக்கலாம். இந்தியாவிலும் 2017இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் விதிகள் வந்தன. இவற்றில் எனக்குப் பிடித்தது தாயோடு பார்த்து வாங்குவது என்ற விதிதான். பெரிய அலுவலகம், கணினிப் பதிவு எதுவும் தேவையில்லாமல், வாங்குபவரே பரிசோதகராகிவிடுகிறார். எலும்பும் தோலுமான தாயைக் காட்ட எந்த வியாபாரியும் துணியமாட்டார்.

அதேநேரம் சந்தேகமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். கடையை மூடினால் வியாபாரம் நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை. அது இணையத்துக்கு இடம்பெயரலாம். பேஸ்புக் விதிகளின்படி தனியாள் விலங்கு விற்பது இன்றைக்கும் தடைதான். நம் ஆட்கள் விலை போடாமல், விபரம் இன்பொக்ஸில் என்று எழுதிவிட்டு விற்கிறார்கள். ஆகவே விளம்பரத்தில் விற்பவரின் பதிவிலக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரமே குற்றம் என்று வைத்தால்தான் எதையாவது பிடிக்க முடியும் என்பது என் எண்ணம். இது எண்ணம் மட்டுமே, நிரூபணம் அல்ல.

இனி வளர்ப்பவர் பக்கம். இங்கே நிரூபணம் கைவசம் இருக்கிறது. மனிதருக்கு வரும் விசர்நாய்க்கடி நோயில் கிட்டத்தட்ட முழுவதும் நாயின் கடியால் வருவது. அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக மரணம்தான். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 வீதத்துக்குக் குறையாமல் தடுப்பூசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் அங்கே சங்கிலி அறுந்து நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் நாடுநாடாகப் பார்த்துச் சொல்லும் கணக்கு. இலங்கையில் 1970களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் இந்த நோயால் செத்தார்கள். இப்போது அது சில பத்துக்களாகக் குறைந்திருப்பதற்குப் பெருங்காரணம் நாய்களுக்கான இலவசத் தடுப்பூசியும், கடிபட்டவருக்கு அரச வைத்தியசாலையில் கிடைக்கும் இலவச ஊசியும்தான். நாய்களைப் பிடித்துக் கொல்வது இதைச் சாதிக்கவில்லை. ஊசி போட்ட நாயும் சேர்ந்து போய்விடும், அந்த இடத்துக்கு ஊசி போடாத குட்டி வரும். 2006இல் கொல்வதை நிறுத்தியது சரியான முடிவு. நிறுத்திய இடத்தில் கருத்தடையை அதே வேகத்தில் கொண்டுவராததுதான் இன்று ஒழுங்கைக்கு ஒழுங்கை நாம் காணும் நெருக்கடி.

ஆகவே பதிவு வேண்டும், ஆனால் பதிவும் விசர் ஊசியும் ஒரே இடத்தில் ஒரே நாளில் நடக்க வேண்டும். கருத்தடை செய்த நாய்க்குப் பதிவு இலவசம், செய்யாத பெட்டைக்குக் கட்டணம், குட்டி விற்பதற்கென்று வைத்திருப்பவருக்குப் பெரிய கட்டணமும் உரிமமும் என்று வைக்கலாம். இதற்கு மேல் வளர்ப்பவரை இறுக்குவது எனக்குச் சம்மதமில்லை. காரணம், இங்கே நாய் வளர்ப்பது என்பது நகரத்து அடுக்குமாடியில் வளர்ப்பதுபோல அல்ல. கட்டாக்காலி என்று நாம் சொல்லும் நாய்களில் பலவற்றுக்கு ஒரு வீடு இருக்கிறது, அல்லது ஒரே நாய்க்கு மூன்று வீட்டில் சோறு கிடைக்கிறது. மதிலில்லாத வேலி வளவில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு வாசலில் படுத்திருக்கும் அந்தக் கடுவன்தான் காவல். "உரிமம் இல்லாவிட்டால் ஐயாயிரம் தண்டம்" என்று நாளைக்கு அறிவித்தால் அந்த ஆச்சி என்ன சொல்வார்? "இது என்ர நாயில்லைத் தம்பி" என்பார். நேற்றுவரை ஒரு வீடு இருந்த நாய் ஒரே நாளில் வீடற்றதாகிவிடும், பிறகு ஊசிக்குப் பிடித்துக்கொடுக்கவும் ஆளிருக்காது.

கைவிடப்படும் நாய்கள் பற்றி யாழ்ப்பாணத்துக்கென்று தனியாகச் சொல்ல இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று பெட்டைக் குட்டி. ஒரு ஈற்றில் கடுவன்களை அயலவர் கேட்டு எடுத்துக்கொள்வார்கள், பெட்டைகள் மிஞ்சும். மிஞ்சியவை உரப்பையில் கோயில் வீதிக்கோ மீன்சந்தைக்கோ போகும். இதைச் செய்பவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களில் பலர் என்னிடம் வந்து கருத்தடைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள். தனியார் சத்திரசிகிச்சைச் செலவு ஒரு கூலித் தொழிலாளிக்குப் பல நாள் சம்பளம். இலவச முகாம் வருடத்தில் ஒரு நாள் வந்தால் அன்று அவருக்கு வேலை இருக்கும். மற்றது வெளிநாடு. பிள்ளைகள் கனடாவிலிருந்து பெற்றோரின் காவலுக்கென்று காசு அனுப்பி ஒரு ரொட்வீலரையோ ஜேர்மன் ஷெப்பர்டையோ வாங்கிக் கொடுக்கிறார்கள். நாற்பது கிலோ நாயை எழுபது வயது அப்பாவால் நடத்திக் கூட்டிப்போக முடியாது, அதனால் அது கூட்டுக்குள்ளேயே வளர்கிறது. இரண்டு வருடத்தில் பெற்றோருக்கும் விசா வந்துவிடும். நாய் கூட்டோடு நிற்கும். விசா கிடைத்தவுடன் என்னிடம் வந்து "கருணை ஊசி போட முடியுமா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நல்ல உடம்போடு நிற்கும் நாய்க்கு நான் அதைச் செய்வதில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் விட எனக்கும் ஓர் இடம் இல்லை.

பெரிய நாய் என்றவுடன், ஆபத்தான இனங்களைத் தடை செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். இதில் சான்றுகள் ஒருபக்கமாக இல்லை. இங்கிலாந்து 1991இல் நான்கு வகைகளைத் தடை செய்தது, 2023இல் எக்ஸ்எல் புல்லியையும் சேர்த்தது. முதல் தடைக்குப் பிறகான வருடங்களில் நாய் கடித்து வைத்தியசாலைக்கு வருபவர்கள் தொகை குறையவில்லை. நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008இல் திரும்பப் பெற்றது. இந்தியாவின் மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 வகைகளைத் தடை செய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பெரிய தாடை கடித்தால் காயம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்த நாய்தான். நான் கண்ட மூர்க்கமான நாய்களில் பல, குட்டியிலிருந்தே இரண்டு முழச் சங்கிலியில் இரவும் பகலும் கிடந்தவை. இனத்தைத் தடை செய்வதைவிட, கடித்தால் வளர்த்தவர் பொறுப்பு, படலை பூட்டியிருக்க வேண்டும், இருபத்துநாலு மணிநேரச் சங்கிலி கூடாது என்று எழுதுவது பலன் தரும் என்பது என் கணிப்பு.

நாயல்லாதவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரசீகப் பூனைக்குட்டி வாங்கிய வீட்டில் பிள்ளைகளுக்குப் படர்தாமரை வந்தால் பூனையின் உரோமத்தையும் காட்டுங்கள், அங்கிருந்து தொற்றியிருக்கலாம். நட்சத்திர ஆமையை வளர்ப்பதில் விவாதத்துக்கே இடமில்லை. அது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டது, 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் முழுத் தடை. அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். மீன்தொட்டியைக் கலைப்பவர்கள் தொட்டி துப்புரவாக்கும் அந்தக் கறுப்பு மீனையும், சிவப்புக் காது ஆமையையும் குளத்தில் விடாதீர்கள். வெளிநாட்டு உயிர்களான இவை நம் குளங்களின் மீனையும் முட்டையையும் அழிக்கும்.

கொழும்பில் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் உள்ளூரில் உப விதிகள் ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குக் கொடுத்திருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு இருக்கிறார்கள். குட்டி விற்கும் இடத்துக்கு வியாபார உரிமம், எட்டு வார விதி, சிட்டை ஒட்டிய தடுப்பூசி அட்டை இந்த மூன்றையும் உங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றையும் சரிபார்க்கப் புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கால்நடை வைத்திய அலுவலகமும் ஏற்கனவே இருக்கின்றன. அவர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது உண்மை. அதனால்தான் விதி மூன்றோடு நிற்க வேண்டும் என்கிறேன்.

கடைசியாக உங்கள் வளவு பற்றி. பார்வோ கிருமி நிழலான ஈரமண்ணில் பல மாதம், சிலநேரம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சவர்க்காரத்துக்கும் சாதாரண கிருமிநாசினிக்கும் அது அசையாது. குட்டி கிடந்த சீமெந்துத் தரையையும் தட்டுகளையும் முதலில் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அது படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது, ஆகவே அடுத்த குட்டியை உடனே எடுக்காதீர்கள். எடுக்கும்போது 16 வாரம் தாண்டி, ஊசிகள் முடிந்த ஒன்றாக எடுங்கள். கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் ஊசி போட்டு, கருத்தடையும் செய்த ஊர்ப் பெட்டை ஒன்றைக் கொடுக்க யாராவது தெரிந்தவர் இருப்பார். வெயிலைத் தாங்கும், காவலுக்கு லாப்ரடோரைவிட நல்லது. எடுத்த அன்றே அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி அடுத்த விசர் ஊசித் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.